பாட்டுக்குள் இருக்கும் மனிதனைத் தேடுவது எப்படி? தேசிங்கு ராஜனை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டைக்காரர் யாரிடமும் ஊருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேளுங்கள். செஞ்சிக் கோட்டையை ஆண்ட தேசிங்கு ராஜன் ஆற்காட்டு நவாப்போடு போரிட்டு மடிந்தான், அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள், அவளுடைய நினைவாக நவாப்பே கட்டிய ஊர் இது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். பாலாற்றங்கரையில் ராஜா ராணி நினைவிடம் என்று பழைய கட்டடங்களைக் காட்டவும் செய்வார். நானும் அப்படிச் சொல்லி வளர்ந்தவன்தான். அந்தக் கதைக்குள் உண்மையில் வாழ்ந்த ஓர் இளைஞன் இருந்தான். அவன் யார், எங்கிருந்து வந்தான், என்ன கேட்டான், எப்படிச் செத்தான் என்று தேடப் போய், தேடும் முறையையே பல தவறுகளுக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

தேசிங்கின் கதை கதைப்பாடலாகவும் கூத்தாகவும் பாடப்படுவது; நம் வடார்க்காட்டில் ஊருக்கு ஊர் இப்படிப் பாட்டில் வாழும் ஒரு வீரன் இருக்கிறான். அவனைத் தேட விரும்புகிறவர்களுக்காக, தேசிங்கையே எடுத்துக்காட்டாக வைத்து, வழியை முழுமையாகச் சொல்கிறேன்.

முதல் படி: பாட்டை முதலில் பாட்டாகவே படியுங்கள்

வரலாற்றுப் புத்தகத்தை முதல் நாளே திறக்காதீர்கள். திறந்தால், பாட்டைத் திருத்தும் வாத்தியாராக ஆகிவிடுவீர்கள். அது சொல்லவருவது காதில் விழாது.

தேசிங்கு ராஜன் கதை குஜிலிக் கடைகளில், அதாவது மலிவுப் புத்தகக் கடைகளில், பெரிய எழுத்துப் புத்தகமாகப் பல பதிப்புகள் கண்டது. ஒரே பதிப்போடு நிற்காமல் இரண்டு மூன்றையாவது தேடிப் பிடியுங்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இந்த வகை நூல்கள் ஏராளம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பார்க்கலாம். முகப்பில் அச்சிட்டிருக்கும் ஆசிரியர் பெயரை அப்படியே நம்ப வேண்டாம். பெரிய எழுத்துப் புத்தகங்களில் பல, நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவர் பெயரில் வந்தவை. விற்பனைக்காக ஒட்டிய பெயர் அது.

அச்சுப் பாடத்துக்குப் பக்கத்தில் கூத்துப் பாடத்தையும் வையுங்கள். தெருக்கூத்து ஜமாக்களில், அதாவது கூத்துக் குழுக்களில், வயதான வாத்தியார்கள் கையெழுத்துப் பிரதி வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் மனப்பாடமாகச் சொல்வார்கள். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடும்போது முதல் வெளிச்சம் கிடைக்கும். குதிரையையே எடுத்துக்கொள்ளுங்கள். தேசிங்கு அடக்கிய டெல்லிக் குதிரை பாராசாரி என்றும், நீலவேணி அவனுடைய உயிர்த்தோழன் மோவுத்துக்காரனின் குதிரை என்றும் ஒரு மரபு. தேசிங்கின் குதிரையே நீலவேணிதான் என்று இன்னொரு மரபு. எது சரி என்ற கேள்வியை இப்போதே எழுப்ப வேண்டாம். இரண்டையும் குறித்துக்கொண்டு நகருங்கள்.

இரண்டாம் படி: கதையை உருவி எடுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை நான்கு பத்தியாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். ஆள், ஊர், காலம், பொருள். பாட்டில் வரும் ஒவ்வொன்றையும் உரிய பத்தியில், பாட்டில் உள்ள உச்சரிப்பிலேயே எழுதுங்கள். வீரம், அழகு, சாபம், கனவு எதுவும் இந்தப் பக்கத்தில் வேண்டாம்.

என்னுடைய பக்கத்தில் ஆள் பத்தியில் தேசிங்கு, தகப்பன் தேரணி சிங், தோழன் மோவுத்துக்காரன் என்னும் மகமத்கான், ராணியம்மாள், ஆற்காட்டு நவாப், டெல்லிப் பாதுஷா என்று வந்தது. ஊர் பத்தியில் செஞ்சி, சிங்கவரம், வழுதாவூர், தேவனூர், ஆற்காடு, டெல்லி. பொருள் பத்தியில் குதிரை, கத்தி, கப்பப் பணம், ஆற்று வெள்ளம்.

காலப் பத்தி காலி. ஒரு வருடப் பெயர்கூட என் பாடத்தில் இல்லை. பாட்டு ஊர்களைத் துல்லியமாகச் சொல்கிறது, ஆண்டைச் சொல்வதே இல்லை. இது எல்லாக் கதைப்பாடலுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கேட்பவர்கள் அந்த ஊர்களில் நடமாடுகிறவர்கள். ஊரைத் தவறாகப் பாடினால் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து திருத்துவார். ஆண்டைத் தவறாகப் பாடினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே பாட்டில் எதை முதலில் நம்பலாம் என்று கேட்டால், ஊர்ப் பெயர்களை என்பேன்.

மூன்றாம் படி: பெயர்களின் வேடத்தைக் கலையுங்கள்

தேஜ் சிங் என்ற வடநாட்டுப் பெயர் தமிழ் வாயில் விழுந்தால் தேசிங். கடைசியில் உகரம் சேர்ந்து தேசிங்கு. இவ்வளவுதான். தெற்கில் எழுதப்பட்ட ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்களில் இதே பெயர் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் வரும். பாரசீக நூல்களில் தேஜ் சிங் என்றே வரும். தேடத் தொடங்கும் முன்பே ஒவ்வோர் ஆளுக்கும் சாத்தியமான உச்சரிப்புகளை எல்லாம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே எழுத்துக்கூட்டலோடு அட்டவணையில் தேடிவிட்டு "இல்லை" என்று திரும்பிவந்தவர்கள் பலர்.

ஒலியை வைத்துப் பிடிக்க முடியாத பெயர்களும் உண்டு. பாட்டின் தேரணி சிங், வரலாற்றின் சொரூப் சிங். இங்கே ஒலி உதவாது, உறவுதான் உதவும். செஞ்சிக் கோட்டைத் தலைவன், தேசிங்கின் தகப்பன் என்ற இரண்டு அடையாளத்தால்தான் இருவரும் ஒருவர் என்று சொல்ல முடிகிறது. எந்த அடையாளத்தால் இணைத்தீர்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். பின்னால் யாராவது கேட்பார்கள்.

நான்காம் படி: எதிரியின் காகிதத்தைத் தேடுங்கள்

பாட்டு தோற்றவனுக்காகப் பாடப்படுவது. கணக்கு வைத்துக்கொள்பவன் வென்றவன். எனவே வீரனைத் தேடுகிறவர் முதலில் போக வேண்டிய இடம் அவன் எதிரியின் கச்சேரி, அதாவது அரசு அலுவலகம்.

தேசிங்கின் எதிரி சாதத்துல்லா கான். இயற்பெயர் முகம்மது சயீத், நவாயத் என்னும் முஸ்லிம் சமூகத்துக் குடும்பத்தவர். ஆற்காட்டைத் தலைநகராக வளர்த்தவர். வேலூர்க் கோட்டையை அவருடைய நெருங்கிய உறவினர்கள் ஆண்டார்கள். இவருடைய புகழ் பாட ஜஸ்வந்த் ராய் பாரசீகத்தில் எழுதியது சயீத் நாமா. செஞ்சிப் போர் அதில் நவாப்பின் வெற்றியாக வருகிறது. தமிழில் கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம் என்று ஒரு நூல் உண்டு. கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி சுவடிகள் சேகரித்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. தேசிங்கின் கடைசி நாளை விரிவாகச் சொல்லும் தமிழ் உரைநடை அதுதான். மெக்கன்சி சேகரித்த சுவடிகளில் பெரும்பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் சி. எஸ். சீனிவாசாச்சாரி. செஞ்சியின் வரலாறு பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட நூல் இன்றும் தொடங்குவதற்குச் சரியான இடம்.

இவற்றிலிருந்து கிடைக்கும் எலும்புக்கூடு இது. 1690இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நீண்ட முற்றுகைக்குப் பிறகு, 1698 தொடக்கத்தில் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் மராட்டியரிடமிருந்து செஞ்சியைப் பிடித்தார். அவுரங்கசீப் காலத்திலேயே புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங் அந்தக் கோட்டைக்குக் கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக, வந்தார். முகலாயரின் தென்னாட்டுத் தலைமை இடம் செஞ்சியிலிருந்து ஆற்காட்டுக்கு மாறியது. சொரூப் சிங் ஆற்காட்டுக்குக் கட்ட வேண்டிய பணம் பல ஆண்டு நிலுவையில் நின்றது. 1714இல் அவர் இறந்ததும், வடக்கே அவர்கள் சொந்த நாடான புந்தேல்கண்டிலிருந்து மகன் தேஜ் சிங் வந்து கோட்டையை எடுத்துக்கொண்டான். அவுரங்கசீப் தன் தகப்பனுக்குக் கொடுத்த பர்மானே, அதாவது அரசாணையே, தனக்கு உரிமை என்றான். பாதுஷா மாறிவிட்டார், பழைய பர்மான் புதுப்பிக்கப்பட வேண்டும், நிலுவையைக் கட்ட வேண்டும் என்றது ஆற்காடு. அவுரங்கசீப் 1707இல் இறந்து, 1713இல் பரூக்சியர் அரியணை ஏறியிருந்த நேரம் அது. வழக்கு இவ்வளவுதான். அதே ஆண்டு அக்டோபரில் போர், அதிலேயே மரணம். செஞ்சியில் அவன் ஆண்டது ஓர் ஆண்டுகூட இல்லை.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பாட்டி தேசிங்கை நம் மண்ணின் பரம்பரை ராஜாவாகத்தான் சொல்லியிருந்தாள். வந்து சில மாதங்களே ஆன, இந்த மண்ணின் மொழி தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாத ஒரு வடநாட்டுப் பையனை, தமிழ்ப் பாட்டு முந்நூறு ஆண்டு தோளில் சுமந்திருக்கிறது. இதனால் அவன்மீது எனக்கிருந்த பிரியம் குறையவில்லை. கூடியது என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாவது தரப்பின் காகிதத்தையும் விடாதீர்கள். கடலூருக்குப் பக்கத்தில் கம்பெனியாரின் புனித டேவிட் கோட்டை இருந்தது. சொரூப் சிங்குக்கும் அவர்களுக்கும் 1710ஐ ஒட்டிப் பெரும் சண்டை மூண்டு, கம்பெனி அதிகாரிகள் இருவர் செஞ்சியில் சிறைவைக்கப்பட்டார்கள். பாட்டில் இதன் சாயலே இல்லை. ஆனால் இந்தப் பகை இருந்ததால்தான் கம்பெனியார் செஞ்சிச் செய்திகளைக் கவனமாக எழுதிவைத்தார்கள். அந்த நாட்குறிப்புகளும் கடிதங்களும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அச்சுத் தொகுதிகளாக உண்டு. புதுச்சேரி என்றதும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை நோக்கிப் பலர் ஓடுவார்கள். அது 1736இல் தொடங்குவது. நம் கதைக்கு 22 ஆண்டு பிந்தியது, நேர்ச்சாட்சி ஆகாது.

ஐந்தாம் படி: நாளைக் கணக்கிடுங்கள்

சலிப்பூட்டும் படிதான், தவிர்க்க முடியாது. ஒரே நிகழ்ச்சிக்குத் தமிழ் வருடப் பெயர், நிலவரிக் கணக்கு ஆண்டான பசலி, ஹிஜிரி, சக ஆண்டு, ஆங்கிலத் தேதி என்று ஐந்து கணக்கு வரும்.

தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். 2014இல் தொடங்கியது ஜய வருடம். ஐந்து சுற்று பின்னால் போனால், 300 ஆண்டு கழித்து, 1714. ஆகவே தேசிங்கு இறந்தது ஜய வருடம். ஏதாவது ஓர் ஏட்டில் "ஜய" என்று மட்டும் இருந்தால் 1654ஆகவும் இருக்கலாம், 1774ஆகவும் இருக்கலாம். பக்கத்தில் ஆளும் நிகழ்ச்சியும் சேர்ந்தால்தான் ஆண்டு உறுதியாகும். பசலிக்கு 590ஐக் கூட்டுங்கள். பசலி 1124 என்பது 1714–15. ஹிஜிரி 1126 ஏறக்குறைய முழுவதும் 1714க்குள் அடங்கும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. சென்னையிலும் கடலூரிலும் இருந்த ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் எழுதினார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர்கள் புதிய நாட்காட்டியில் எழுதினார்கள். 1714இல் இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். ஒரே மரணத்துக்கு இரண்டு தேதி கிடைத்தால், இரண்டு சாட்சிகளும் முரண்படுகிறார்கள் என்று முடிவுகட்டும் முன் 11ஐக் கூட்டிப் பாருங்கள். தமிழ் மாதத் தேதியை இன்றைய காலண்டரை வைத்துப் பின்னோக்கி எண்ணவும் கூடாது. முந்நூறு ஆண்டில் சித்திரை முதல் நாள் நாலைந்து நாள் நகர்ந்திருக்கிறது. எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைத் தொகுதிகள் கி.பி. 700 முதல் 1799 வரை இந்த வேலையை நமக்காகச் செய்து வைத்திருக்கின்றன. பெரிய நூலகங்களில் கேளுங்கள்.

நாள் கிடைத்ததும் பாட்டின் பக்கம் திரும்புங்கள். ஆற்றில் வெள்ளம் என்று பொருள் பத்தியில் எழுதினோம் அல்லவா? போர் நடந்தது அக்டோபர், புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் காலம். செஞ்சி ஆற்றில் தண்ணீர் புரளக்கூடிய பருவம்தான். ஆண்டை மறந்த பாட்டு பருவத்தை மறக்கவில்லை.

ஆறாம் படி: நடந்து பாருங்கள்

ஆற்காட்டில் தொடங்குங்கள். பாலாற்றின் தென்கரையில் நவாப்களின் கோட்டையில் எஞ்சியிருப்பது டெல்லி வாயில். அங்கே நின்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் ராணிப்பேட்டை. பஸ்ஸில் ஏறி ஆரணி, சேத்துப்பட்டு வழியாகச் செஞ்சி. பாட்டில் படை வரும் திசையும் இதுதான். சன்னலோரம் உட்கார்ந்து, எங்கே மலை தொடங்குகிறது, எங்கே ஏரிகள் வருகின்றன, எங்கே ஒரு படை மாட்டுக்கும் குதிரைக்கும் தண்ணீர் காட்டியிருக்கலாம் என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை மதில் வளைத்துக் கட்டியிருக்கும். எல்லோரும் ராஜகிரி உச்சிக்குப் போவார்கள். நீங்கள் கீழே செட்டிகுளத்துக்குப் போங்கள். தேசிங்கின் உடல் எரிக்கப்பட்டு, ராணி உடன்கட்டை ஏறியதாகக் காட்டப்படும் மேடை அங்கேதான். நான் போன அன்று நடுப்பகல், குளக்கரையில் ஆடுகள் நிழலுக்கு ஒதுங்கியிருந்தன. மேடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எதையும் எழுதிவைக்காத கல். அந்த இடத்தில் அரைமணி நேரம் பேசாமல் உட்காருங்கள். காப்பகத்தில் "சண்டையில் இறந்தான்" என்று ஒரே வரியில் கடந்துபோன செய்தி, ஒரு பெண்ணின் உடம்பு எரிந்த இடமாக அங்கே மாறிவிடும்.

பிறகு சிங்கவரம். மலைமேல் குடைவரையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். தேசிங்கு போருக்குப் போக உத்தரவு கேட்டபோது பெருமாள் சம்மதிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது தலத்துக் கதை. திரும்பிய முகத்தை இன்றும் காட்டுகிறார்கள். குடைவரை தேசிங்குக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முந்தையது, ஆகவே சிற்பம் அவனுக்காகத் திரும்பியிருக்க முடியாது. ஆனால் தோல்வி தெரிந்த பிறகு ஊர் மக்கள் அந்த முகத்தைப் பார்த்த பார்வை மாறியிருக்கிறது. இதைப் பொய் என்று அடித்துவிடாமல், மக்கள் தோல்வியை எப்படித் தாங்கிக்கொண்டார்கள் என்பதற்கான சான்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அச்சிட்டதையும் சோதியுங்கள் – 1771 என்ற ஆண்டு

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விழா மலருக்கு ராணிப்பேட்டை பற்றிக் கட்டுரை கேட்டார்கள். அரசு வெளியிட்ட ஊர் விவரத் தொகுப்பான கெசட்டியரைப் புரட்டி, "சுமார் 1771இல் சாதத்துல்லா கான், தேசிங்கின் இளம் விதவை நினைவாக இவ்வூரைக் கட்டினார்" என்று எழுதிக் கொடுத்தேன். அரசாங்கத்து அச்சு, அதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

மலர் வெளிவந்த பிறகு, வேறு வேலையாக நவாப்களின் வரிசையை எழுதிக்கொண்டிருந்தேன். சாதத்துல்லா கான் 1732இல் இறந்தார். அடுத்து தோஸ்த் அலி கான், 1740இல் தாமல்செருவு கணவாய்ப் போரில் கொல்லப்பட்டார். 1771இல் நவாப், வாலாஜாபேட்டைக்குத் தன் பெயரைத் தந்த முகம்மது அலி வாலாஜா. அப்படியானால் 39 ஆண்டுக்கு முன் இறந்தவர் எப்படி ஊர் கட்டினார்? இரண்டு வரியும் என் கையெழுத்திலேயே அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தன. நான்தான் சேர்த்துப் படிக்கவில்லை.

ஒரே வாக்கியத்தில் கட்டியவர் பெயரும் கட்டிய ஆண்டும் இப்படி ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், இரண்டில் ஒன்றாவது தவறு. கட்டியவர் சரி என்றால் ஊர் 1714க்கும் 1732க்கும் இடையில் பிறந்தது. ஆண்டு சரி என்றால் கட்டியவர் வேறு. என் கணிப்பு இது: ஆற்றுக்கு வடகரையில் நினைவிடமும் அதைச் சுற்றிச் சிறு பேட்டையும் சாதத்துல்லா காலத்தில் வந்திருக்கும், பின்னால் வெள்ளைக்காரப் படை தங்கும் இராணுவ ஊராக அது வளர்ந்தபோது எழுதிய குறிப்பிலிருந்து 1771 ஒட்டிக்கொண்டிருக்கும். இது கணிப்புதான், கணிப்பு என்றே எழுதுகிறேன். பக்கத்து நவ்லாக் தோட்டம் இதற்கு நல்ல பாடம். ஒன்பது லட்சம் மரம் இருந்ததால் நவ்லாக் என்பார்கள். பெயர் பழையது, உண்மையானது. ஆனால் பெயரில் உள்ள எண்ணை எடுத்து மரக் கணக்கு போட முடியாது.

பாட்டை மட்டும் சந்தேகப்பட்டு, அச்சுக்குத் தலைவணங்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வையுங்கள்.

எட்டாம் படி: பாடுகிறவரிடம் கேட்கும் முறை

கேள்வியிலேயே விடையை வைத்துவிடாதீர்கள். "தேசிங்கு புந்தேல்கண்டிலிருந்து வந்தவன்தானே?" என்று கேட்டால், மரியாதைக்காக "ஆமாம்" என்பார்கள். அது சான்று ஆகாது. "அவன் எந்த ஊர்க்காரன் என்று உங்கள் பெரியவர்கள் சொல்லுவார்கள்?" என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.

பாடுகிறவர் அச்சுப் புத்தகம் படித்தாரா, சினிமா பார்த்துச் சேர்த்துக்கொண்டாரா என்பதைப் பக்குவமாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு புத்தகத்தைப் படித்த பத்துப் பேர் ஒரே கதையைச் சொன்னால் சாட்சி பத்து அல்ல, ஒன்று. யாரிடம் கற்றார், எத்தனை வயதில், எந்த ஊரில் ஆடினார் என்பதைக் கதைக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். பதிவு செய்வதானால் அனுமதி கேளுங்கள். வாத்தியாருக்கு நேரத்துக்குரிய சன்மானம் கொடுங்கள். அந்தப் பாட்டு அவருடைய சோறு.

ஆரணிப் பக்கத்தில் ஒரு கூத்து வாத்தியாரிடம் தேசிங்கின் சாவைப் பாடிக் காட்டச் சொன்னேன். கத்தியை ஆகாயத்தில் வீசி, மல்லாந்து படுத்து, விழும் கத்தியை மார்பில் ஏற்று உயிர் விடுகிறான். பாடும்போது அவர் வலது கை மெல்ல மேலே போனது. அங்கேயே நின்றது. தாளம் நின்றது. பிறகு கை விழவில்லை, இறக்காமலே உட்கார்ந்துவிட்டார். சற்று நேரம் கழித்துத்தான் நான் சொன்னேன்.

"ஐயா, துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தான் என்று சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்களே?"

"தம்பி, இருக்கலாம். குண்டு எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? யாரோ ஒருவன், பேரில்லாதவன், தூரத்தில் நின்று சுட்டிருப்பான். அவன் கையில் எங்கள் ராஜாவைக் கொடுக்கச் சொல்கிறீர்களா?"

ஒன்பதாம் படி: வேறுபாட்டைக் காரணத்தோடு எழுதுங்கள்

அந்தப் பதில்தான் இந்தப் படி. பாட்டும் ஆவணமும் எங்கே பிரிகின்றன என்று பட்டியல் போடுவது எளிது. ஏன் பிரிகின்றன என்பதில்தான் மனிதர்கள் தெரிவார்கள்.

வெடிமருந்து வந்த பிறகு வீரனுக்கு வீரன் நேர் நின்று சாகும் சாவு அரிதாகிவிட்டது. பாட்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. கொல்பவன் கையிலிருந்து கொலையைப் பிடுங்கி வீரன் கையிலேயே கொடுத்துவிட்டது. நிலுவைப் பணம் என்ற கணக்கு வழக்கும் பாட்டில் மானப் பிரச்சினையாக மாறியிருக்கிறது. ஆனால் பாட்டு முழுக்க மாற்றிப் பாடியது என்று சொல்லிவிடாதீர்கள். கப்பம் கேட்டது, ஆற்காட்டுப் படை வந்தது, சில நூறு பேரோடு கிளம்பியது, தோழன் மகமத்கான் உடன் மடிந்தது, ராணி உடன்கட்டை ஏறியது எல்லாம் இரண்டு பக்கமும் நிற்கின்றன.

அந்தத் தோழனைப் பாருங்கள். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போருக்கு வருகிறான் என்கிறது பாட்டு. இந்து ராஜா, முஸ்லிம் நவாப் என்று இந்தப் போரை மதச் சண்டையாக ஆக்கப் பார்ப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். தேசிங்குக்காக உயிர் கொடுத்தவன் மகமத்கான் என்பதைப் பாட்டும் சொல்கிறது, சரித்திரமும் சொல்கிறது. எதிரியின் மனைவிக்கு மரியாதை செய்து பேட்டை அமைத்தவர் நவாப் என்பதை எங்கள் ஊர் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. உங்கள் தேடலை யாராவது தங்கள் சண்டைக்கு ஆயுதமாகக் கேட்டால், முழுக் கதையையும் கொடுங்கள், துண்டு போட்டுக் கொடுக்காதீர்கள்.

பத்தாம் படி: எழுதும்போது மூன்று மை

நான் மூன்று நிற மையில் எழுதுகிறேன். அந்தக் காலத்துக் காகிதத்தில் இருப்பது கறுப்பு. பிற்காலத்து நூலும் ஊர் வழக்கும் ஒத்துப்போவது நீலம். பாட்டில் மட்டும் இருப்பது பச்சை. சொரூப் சிங் கோட்டைத் தலைவர் என்பது கறுப்பு. செட்டிகுளத்து மேடை நீலம். ஆகாயத்தில் வீசிய கத்தி பச்சை. கணினியில் எழுதுகிறவர்கள் ஓரத்தில் ஓர் எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். பச்சையைக் கறுப்பாக மாற்றும் ஆசை வரும், அதுவும் கட்டுரை முடியும் நேரத்தில்தான் வரும். அன்று எழுதுவதை நிறுத்திவிட்டு மறுநாள் உட்காருங்கள்.

உங்கள் வீரன் தேசிங்கைப் போல ஆவணத்தில் ஏறியவனாக இல்லாமலும் இருக்கலாம். அப்போது கல்லைத் தேடுங்கள். செங்கம் வட்டாரத்தின் நடுகற்கள் பல, யார், எந்த ஊர்ச் சண்டையில், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில் பட்டான் என்று வட்டெழுத்தில் பெயரோடு சொல்கின்றன. ஏரிக்கரையிலும் வேப்பமரத்தடியிலும் மஞ்சள் பூசி வேடியப்பன் என்று கும்பிடப்படும் கல்லில் எழுத்து இருந்தால், சுரண்டாதீர்கள், எண்ணெய் துடைக்கக் கெமிக்கல் ஊற்றாதீர்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

தேசிங்கைப் பொறுத்தவரை என் நோட்டில் ஆள் பத்தியின் ஒரு வரி மட்டும் இன்னும் என்னை உறுத்துகிறது. ராணியம்மாள் என்கிறது பாட்டு. ராணிபாய் என்பார்கள் ஊரில். ராணி என்பது பட்டம். அம்மாளும் பாயும் மரியாதைச் சொற்கள். ஒரு நகரத்துக்கும் இப்போது ஒரு மாவட்டத்துக்கும் அவளால் பெயர் கிடைத்திருக்கிறது. அதில் அவளுடைய பெயர் இல்லை. குதிரைக்கே பாராசாரி, நீலவேணி என்று இரண்டு பெயர் இருக்கும் கதை இது. வடார்க்காட்டில் எந்த ஊரிலாவது, எந்தக் கூத்திலாவது, ஒப்பாரியின் ஓர் அடியிலாவது அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் கூப்பிட்ட பெயராக ஒன்று உங்கள் காதில் விழுந்தால், பாடியவர் யார், எந்த ஊர், யாரிடம் கற்றார் என்பதோடு அதை அப்படியே பச்சை மையில் எழுதி வையுங்கள்.